ஒதுக்கிய இடம்

ஒதுக்குதல் என்னும் சொல் இருவேறு பொருள் தருவது. விருந்தினர்க்கென ஓர் அறையை ஒதுக்கினோம் என்கிறோம். ஊரார் அவனை ஒதுக்கினர் என்றும் சொல்கிறோம். முன்னதில் ஒருவர்க்கு இடம் தரப்படுகிறது. பின்னதில் ஒருவர்க்கு இடம் மறுக்கப்படுகிறது. ஒருவர்க்கென்று இடம் ஒதுக்குங்கால் வேறொருவர் ஒதுங்க வேண்டியுள்ளது என்னும் உண்மையை நம் முன்னோர் இவ்வொரு சொல்லிலேயே பொதிந்து வைத்தனர் போலும். இவ்விரு பொருளையும் பிரிக்காமல் ஒருசேர வைத்துப் பார்த்தாலன்றி, இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினாவிற்கு விடை காண்பது அரிது.

சென்னை முதலிய நகரங்களில் புதிதாக எழும் வணிக வளாகங்களிலும் அலுவலகக் கட்டடங்களிலும், வண்டி நிறுத்துமிடத்தின் ஒரு பகுதிக்குப் பச்சை வண்ணம் பூசி, மின்சாரக் கார்களுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். 2018-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் மின்சார வண்டிகளுக்குப் பச்சை நிற எண்பலகை விதிக்கப்பட்டுள்ளது. 2019-இல் நடுவணரசின் மாதிரிக் கட்டட விதிகள் திருத்தப்பெற்று, கட்டடங்களின் வண்டி நிறுத்தும் கொள்ளளவில் 20 விழுக்காடு மின்னேற்றத்திற்கு ஏற்றதாக அமைய வேண்டும் என்னும் நெறி சேர்க்கப்பட்டது. ஆக, வண்டிக்கும் அடையாளம் வந்துவிட்டது, இடத்திற்கும் அடையாளம் வந்துவிட்டது. பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. பச்சைக் கட்டத்துள் பெட்ரோல் கார் நிற்கும். காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னால், "ஐந்து நிமிடந்தானே" என்று விடை வரும். இனி, முறைப்படி அங்கே நின்ற மின்சாரக் காரும் மின்னேற்றம் முடிந்து இரண்டு மணி நேரமாகியும் அகலாமல் நிற்பதுண்டு. உரியவர் மேல்தளத்தில் உணவருந்திக்கொண்டிருப்பார்; அடுத்து வந்தவர் கீழே காத்திருப்பார்.

வண்டி நிறுத்துவதும் ஓர் அறவினாவா என்று சிலர் நகைக்கலாம். நம் அறநூல்களை ஓதியவர்கள் நகைக்கமாட்டார்கள். இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் மூன்றாவது கள்ளாமை. களவுக்கு நம் ஆகமங்கள் வழங்கும் பெயர் அதத்தாதானம். தரப்படாததைக் கொள்ளல் என்பது இதன் பொருள். பிறர் பெட்டியை உடைத்தல் மட்டுமே களவு என்று அவை சொல்லவில்லை. தத்துவார்த்த சூத்திரம் இவ்விரதத்தைக் காக்கும் பாவனைகளாகச் சிலவற்றைக் கூறுமிடத்து, பரோபரோதாகரணம் என ஒன்றையும் வைத்துள்ளது. தாம் தங்கிய இடத்திற்குப் பிறர் வரும்போது அவர்க்குத் தடையாகாமை என்று அதனைக் கொள்ளலாம். ஒன்றையும் தமதென்று கொள்ளாத முனிவர்க்கே, குகையிலோ பாழ்மனையிலோ ஓரிரவு தங்குமிடத்தில் இவ்வொழுக்கம் வேண்டப்பட்டதெனின், காரும் கட்டணச் சீட்டும் உடைய இல்லறத்தார்க்கு அது வேண்டா என்பது எவ்வாறு? இடத்தை அடைத்தலும் களவின் பக்கத்ததே என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் ஒதுக்கீடு என்றவுடன் அதற்குத் தலைவணங்கிவிடுதலும் அறிவுடைமையாகாது. எதன்பொருட்டு ஒதுக்கப்பட்டது என்பதை முதலில் ஆராய வேண்டும். தேவையின்பொருட்டு ஒதுக்கப்படுவது ஒருவகை. நம் பேருந்துகளில் முதியோர்க்கும் ஊனமுற்றோர்க்கும் வைத்த இருக்கை அத்தகையது. அவரால் நிற்க இயலாது, நம்மால் இயலும். அங்கே வாதத்திற்கு இடமில்லை. பரிசாக ஒதுக்கப்படுவது மற்றொருவகை. நற்செயல் செய்தாய், ஆகவே வாயிலருகே உனக்கு இடம் என்பது அது. மின்னேற்றக் கருவி பொருத்திய இடம் முன்னவகையைச் சாரும்; கம்பி எட்டுமிடத்தில் நின்றாலன்றி அவ்வண்டிக்கு ஆற்றல் கிடையாது. மின்னேற்றக் கருவி ஏதுமின்றி, சுற்றுச்சூழலுக்கு ஊறு குறைந்த கார் என்னும் ஒரே காரணத்தால் வாயிலருகே தரப்படும் இடமோ பரிசு. இவ்விரண்டும் ஒரே பச்சை வண்ணத்தில் இருப்பதால் மயக்கம் விளைகிறது.

பரிசுவகை ஒதுக்கீடு அமெரிக்க நாட்டிலிருந்து பரவியது எனலாம். அங்குள்ள பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் என்னும் தரச்சான்று, 2009-ஆம் ஆண்டுப் பதிப்பில், கட்டடத்தின் மொத்த வண்டி நிறுத்துமிடங்களில் 5 விழுக்காட்டை எரிபொருள் குறைவாகச் செலவிடும் கார்களுக்கு வாயிலருகே ஒதுக்கினால் மதிப்பெண் தந்தது. நார்வே நாட்டில் 1999 முதல் மின்சாரக் கார்களுக்கு நகராட்சி நிறுத்துமிடங்களில் கட்டணமில்லை என்றிருந்தது. மின்கார்கள் பெருகிய பின்னர், 2017-இல், அதனை அவ்வவ்வூர் மன்றங்களின் விருப்பத்திற்கு விட்டனர். கலிபோர்னியாவில் தூய கார்களுக்கு ஒட்டுவில்லை தந்து, பலர் சேர்ந்து பயணம் செய்யும் வண்டிகளுக்கான தனிச் சாலைப்பகுதியில் ஒருவர் தனித்துச் செல்லவும் இசைவளித்திருந்தனர். அச்சலுகை 2025 செப்டம்பர் 30-ஆம் நாளோடு முடிவுற்றது. பரிசு என்பது தருவோர் மனம் மாறுந்துணையும்தான் நிற்கும். அதனைப் பிறப்புரிமைபோற் பேசுவார் இதனை நினைவிற் கொள்க.

இடம் பகிரும் ஒழுக்கத்தை நாம் கலிபோர்னியாவிலிருந்துதான் கற்க வேண்டும் என்பதில்லை. சென்னைக்கு வடக்கே புழலில் ஆதிநாதரை வணங்கச் செல்லும் நம் அன்பர்கள், அச்சாலையிலேயே மேலும் சென்று பொன்னேரி வழியாகக் கீழ்த்திசை திரும்பினால் பழவேற்காடு வந்து சேரும். ஒல்லாந்தர் 1613-இல் கெல்திரியா கோட்டை எழுப்பிய ஊர். அவர்தம் கல்லறைகளைக் காணவும், பூநாரைகளைப் பார்க்கவும் நகரத்தார் கார்களில் வருவர். அவர்கள் காணாமற் போகும் ஒன்று அங்கே உள்ளது. ஏரிக்குள் இடம் ஒதுக்கி, முறைவைத்து, பிறர் முறையில் நுழையாது வாழும் பழைய ஏற்பாடு அது. அதற்குப் பாடு என்று பெயர்.

ஈண்டு ஒரு தடை எழும். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட ஏட்டில் மீன்பிடிப்போர் ஒழுக்கத்தைப் போற்றி எழுதலாமோ என்பதே அது. நாம் வலையைப் போற்றவில்லை. வலைஞர் தமக்குள் வகுத்துக்கொண்ட நேர்மையை எடுத்துக் கூறுகிறோம். உணவாலும் தொழிலாலும் நாம் தூயோம் என்னும் செருக்கு, பிறரிடம் உள்ள நல்லதைக் காணவொட்டாது கண்ணை மறைக்குமாயின், அச்செருக்கும் ஒரு கஷாயமே. கொல்லாமையுடையார் நால்வர் கூடிய கூட்டத்தில் வண்டி நிறுத்துவதற்கு நடக்கும் வாக்குவாதத்தைக் கண்டவர்கள், குப்பத்தாரிடம் சிறிது கற்கலாம் என்பதை ஒப்புவர்.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவிற்கு அடுத்துப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்பகுதி மட்டுமே தமிழகத்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. தெற்கிலிருந்து ஆரணியாறு வந்து கலக்கிறது; பக்கிங்காம் கால்வாய் ஏரியினூடே செல்கிறது. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைபடுவதும், மீண்டும் திறப்பதுமாக இருக்கும். ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டம் விரைந்து ஓடும் சில ஓடைகளில்தான் இறால் மிகுதியாகக் கிட்டும். ஏரி பரந்தது, நல்ல இடமோ சில. எல்லார்க்கும் அது வேண்டும். நகரத்து வண்டி நிறுத்துமிடத்தின் சிக்கலும் இதுவேயன்றோ?

கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று குப்பங்களின் பட்டினவர் இதற்குக் கண்ட வழி பாடு. நீரில் கழிகள் நட்டு, ஓட்டத்தை நோக்கி வலை கட்டி இறால் பிடிக்கும் இடங்களை வரையறுத்தனர். யார் எந்த இடத்தில் எந்த முறையில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தனர். இடங்கள் ஒருதன்மையன அல்ல. முகத்துவாரத்தை ஒட்டியது ஒரு நாளில் தருவதை உட்புறத்தது பல நாளிலும் தாராது. ஆதலின் இடம் நிலையாக எவர்க்கும் உரியதன்று, முறையே உரியது. இன்று நல்லிடம் பெற்றவர் பின்னொரு நாள் வறிய இடத்தில் வலை கட்டுவார். இன்று வறிய இடத்தில் நிற்பவர்க்கு நல்லிடம் வரும் நாள் உண்டு. 1991-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட செபாஸ்டியன் மேத்யூ என்பாரின் ஆய்வு இம்முறையை உலகறியச் செய்தது. கேரளத்துக் கழிமுகங்களிலும் பாடு உண்டு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் நான்கு மீனவர் சங்கத்தார் சீட்டு முறையில் வலையிடங்களைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் 1958-இல் அரசின் விதியாகவே ஏற்கப்பட்டது.

பாடு என்னும் சொல்லின் அழகையும் நோக்க வேண்டும். இடத்திற்கும் அது பெயர். கிடைக்கும் மீனையும் மீன்பாடு என்பர். உழைப்பின் வருத்தத்தையும் பாடு என்கிறோம்; பட்ட பாடு கொஞ்சமா என்கிறோம். அவனவன் பாடு அவனுக்கு என்னும்போது வாழ்க்கையின் பொறுப்பே பாடாகிறது. உரிமையும் உழைப்பும் பொறுப்பும் ஒரு சொல்லில் அடங்கி நிற்பதால், பிறன் பாட்டில் வலை கட்டுதல் வெறும் எல்லை மீறல் அன்று. அவன் பட்ட பாட்டையும் படப்போகும் பாட்டையும் எடுத்துக்கொள்வதாகும்.

இம்முறையில் நம் நகரத்தார் கொள்ளத்தக்கது யாது? முறை முடிந்தால் எழுந்துவிடுதல். வலைஞர் தம் முறை கழிந்த பின்னும், நேற்று மீன்பாடு குறைவு என்று சொல்லி இடத்தைப் பற்றிக்கொண்டிருக்க இயலாது. மின்னேற்றம் முடிந்த காரும் அத்தகையது. மின்கலம் நிறைந்த நொடியிலிருந்து அவ்விடம் அதற்குத் தேவையிடம் அன்று. மற்றக் கார்களைப்போல அதுவும் ஒரு காரே. அதற்குமேல் நிற்பது, பெட்ரோல் கார் அங்கே நிற்பதைவிடக் குறைந்த பிழை என்று நாம் கருதவில்லை. ஒருவகையில் அது மிகுந்த பிழை. பெட்ரோல் கார்க்காரர் அறியாமையால் வந்தேன் என்றாவது சொல்லக்கூடும். மின்கார்க்காரர்க்கு அவ்விடத்தின் அருமை நன்கு தெரியும். அமெரிக்காவில் டெஸ்லா நிறுவனம் 2016 டிசம்பரிலேயே, மின்னேற்றம் முடிந்தும் அகலாத தன் வண்டிகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. பச்சை எண்பலகை உடையார் அனைவரும் பிறர் நலம் பேணுவார் என்று நம்பியிருந்தால் அக்கட்டணம் தேவைப்பட்டிராது. இன்னும் ஒன்று. மின்னேற்ற வேண்டாதபோதும் கம்பியைச் செருகி வைத்து இடம் பிடிப்பாரும் இருக்கக்கூடும். அஸ்தேய விரதத்தின் அதிசாரங்களுள் பிரதிரூபக வியவகாரம், அதாவது போலியை உண்மைபோற் காட்டி ஒழுகுதல், ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. நெய்யில் கலப்படம் செய்வதற்கு மட்டும் அப்பெயர் வைக்கப்பட்டதென நினைப்பானேன்?

இதுவரை பாட்டின் நல்லதையே கூறினோம். இனிக் கூறுவது நம் மனத்தை உறுத்துவது.

சீட்டு எடுக்கும் உரிமை யார்க்கு? குறிப்பிட்ட குப்பத்தில், குறிப்பிட்ட குலத்தில் பிறந்த ஆடவர்க்கு. அவர்தமக்குள் இருந்த நேர்மை வியக்கத்தக்கது. அவ்வட்டத்திற்கு வெளியே இருந்தோர்க்கு அந்நேர்மை எட்டவில்லை. நிலத்தில் வேலை குறைந்தமையாலும், ஏற்றுமதியால் இறாலின் விலை ஏறியமையாலும், ஏரிக்கரையின் பிற மக்களும், அவருள் ஆதிதிராவிடரும், ஏரியில் இறங்கினர். அவர்களுக்குப் பாடு இல்லை. ஏரி பொதுவென்றனர் அவர்கள். முறை எமது என்றனர் இவர்கள். அரசு அலுவலர் தலையிட்டு அமைதி காண வேண்டிய அளவிற்குப் பூசல்கள் நிகழ்ந்ததுண்டு. உள்ளே உள்ளவர்க்கு ஒதுக்கிய இடம். வெளியே உள்ளவர்க்கோ ஒதுக்கம். தொடக்கத்தில் நாம் கூறிய சொல்லின் இரு முகங்களும் ஒரே நீர்ப்பரப்பில் நிற்கின்றன.

இவர்களுள்ளும் கடைநிலையில் இருப்போர் இருளர். அவருள் பலரிடம் படகும் இல்லை, வலையும் இல்லை. பெண்களும் ஆண்களும் ஆழங்குறைந்த நீரில் இறங்கி, பனையோலையால் முடைந்த பறியை வாயிற் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவித் தடவி இறாலைப் பிடித்துப் பறியில் இடுவர். அவர் கை தீண்டுமளவே அவர் பிடிக்கும் அளவு. குஞ்சுகளை வாரி எடுத்தல் இல்லை. அடித்தரையைக் கிளறிப் பாழாக்கும் பொறி இல்லை. எண்ணெயும் புகையும் இல்லை. உயிர்க்கொலையை நாம் எவ்விடத்தும் ஒப்போம். எனினும் ஏரிக்கு ஊறு குறைந்த வழி எது என்று கேட்டு, அதற்கே முதலிடம் என்று விதித்தால், முதற் சீட்டு இவ்விருளர் பெண்ணுக்கன்றோ போக வேண்டும்? போகவில்லை. ஊறு குறைந்தவர்க்கு முதலிடம் என்னும் கொள்கை நம்மிடம் பேச்சளவில் உள்ளது. இடம் பங்கிடும் நாளில் வலை உடையவரும், குலம் உடையவரும், குரல் உடையவருமே சீட்டு எடுக்கின்றனர்.

நகரத்துப் பச்சைக் கட்டத்தை இப்போது மீண்டும் நோக்குவோம். காற்றை மாசுபடுத்தாமைக்குப் பரிசாக வாயிலருகே இடம் என்றால், அப்பரிசுக்கு முதற்கண் உரியவர் யார்? மிதிவண்டியில் வருபவர். அவரினும் மேலானவர் பேருந்தில் வந்து நடப்பவர். அவர் நிறுத்துமிடமே கேட்பதில்லை. ஆனால் நம் வளாகங்களில் மிதிவண்டிக்கு இடம் எங்கே இருக்கிறது? பின்புறத்தில், கழிவுநீர்த் தொட்டிக்கு அருகே, கூரையில்லாத மூலையில். சில இடங்களில் அதுவும் இல்லை. பல இலட்சம் விலையுள்ள காரை வாங்கியவர்க்கு மேலும் ஒரு சிறப்பு. அக்காருக்கு இடம் காக்கும் காவலாளியின் மிதிவண்டிக்குச் சங்கிலியால் மரத்தில் கட்டு. இதனைப் பசுமை என்று எழுதி வைப்பதில் சிறிது நாணம் வேண்டும்.

அங்ஙனமாயின், நேர்மையற்ற ஒதுக்கீட்டை மதிக்க வேண்டியதில்லை, பெட்ரோல் காரை அங்கே தாராளமாக நிறுத்தலாம் என்று ஒருவர் வாதிடலாம். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. பாடு இல்லாதவர் இரவில் சென்று பாடு உடையவரின் வலையை அறுத்தால், சீட்டுமுறையின் குறை நீங்குமா? அன்றைக்கு முறை வந்த ஒரு குடும்பத்தின் உணவு போகும், அவ்வளவே. பச்சைக் கட்டத்தில் நிற்கும் பெட்ரோல் காரும் கட்டட விதியைத் திருத்துவதில்லை. தாம்பரத்திலிருந்து வந்து, மின்கலம் குறைந்து, வீடு திரும்ப வகையின்றி நிற்கும் ஒருவரை அது வருத்துகிறது. விருத்த ராஜ்யாதிக்கிரமம் என்று நாட்டின் நெறியைக் கடத்தலையும் அஸ்தேய அதிசாரமாக ஆசாரியர்கள் வைத்ததன் கருத்து, அரசன் செய்வதெல்லாம் சரி என்பதாகாது. ஒவ்வொருவரும் தமக்குச் சரியெனப்பட்டபோது மட்டும் நெறியைப் பின்பற்றினால் எளியவர்க்கே முதலில் இடம் போகும் என்பதாகலாம்.

ஆனால் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை விட்டுவிடலாகாது. ஒதுக்கீட்டால் தள்ளப்பட்ட இருளர் பெண், பிறர் பாட்டின் ஓரத்தில் இறங்கிச் சேற்றைத் தடவுவதும், எல்லா இடமும் முன்பே தமதாயிருந்த கார்க்காரர் இன்னோரிடத்தையும் எடுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. இரண்டும் தரப்படாததைக் கொள்ளல் என்று ஒரே தராசில் இட்டு நிறுப்பவர் தராசையே பொய்யாக்குகிறார். முன்னவர்க்குத் தரப்படாமையே ஒரு குற்றம். அக்குற்றத்திற்குப் பொறுப்பு சீட்டுப் போடுவோரது. பின்னவர்க்கு மறுக்கப்பட்டது ஒன்றுமில்லை, இருபது அடி நடை நீங்கலாக. ஆகவே பாடு உடையார்க்கும் பச்சைப் பலகை உடையார்க்கும் ஒரு கடன் உண்டு. முறை எமது என்று சொல்லுமுன், முறை வகுத்த அன்று யார் அங்கில்லை என்று கேட்டறிவதே அக்கடன். சீட்டுப் போடும் கூட்டத்தில் உள்ளவர் எழுப்பினாலன்றி இவ்வினா எழாது. வெளியில் நிற்பவர் எழுப்பினால் அதனைப் பூசல் என்றே பெயரிடுவர்.

மின்சாரக் காரின் தூய்மையைப் பற்றியும் பழவேற்காட்டுக் கரையில் நின்று பேசுவது நலம். அக்காரின் பின்புறம் புகை இல்லை, உண்மை. சென்னை நகரத்து மின்சாரத்தில் காற்றாலும் கதிரவனாலும் வருவது உண்டு. நிலக்கரியால் வருவதும் உண்டு. ஏரிக்குத் தெற்கே, அத்திப்பட்டை ஒட்டி வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது. அதன் முதற்கட்டம் 630 மெகாவாட்டு, இரண்டாங்கட்டம் 1200 மெகாவாட்டு. அருகே வல்லூரில் 1500 மெகாவாட்டு நிலையம் ஒன்று. நிலக்கரி எரிந்த சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்து, அங்குள்ள மீனவர் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்று முறையிட்டனர். எண்ணூர் நீரையும் பழவேற்காட்டு நீரையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. இடையில் காட்டுப்பள்ளித் துறைமுகம். நகரத்தில் புகை இல்லாமைக்காகத் தரப்படும் இடத்தின் விலையில் ஒரு பங்கை, சேற்றில் கைவைத்துத் தடவுகின்றவர்கள் செலுத்துகிறார்கள். இதனால் மின்சாரக் காரே தீது என்று நாம் கூறவில்லை; நிலக்கரியின் பங்கு குறையக் குறைய அதன் தூய்மையும் மெய்யாகும். அதுவரை பரிசு வாங்கும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளலாம்.

நம் இல்லறத்தார் இவ்விடங்களில் எங்ஙனம் ஒழுகுவது என்று கேட்பார்க்குச் சில சொல்லலாம். மின்னேற்றக் கருவி உள்ள இடத்தில் மின்னேற்ற வேண்டாத வண்டியை, அது மின்சாரக் காரேயாயினும், நிறுத்தலாகாது. மின்னேற்றும்போது வண்டியின் கண்ணாடியில், முடியும் நேரத்தைக் குறித்து வைத்துச் செல்வது நன்று. அந்நேரத்தில் வந்துவிடுவது அதனினும் நன்று. பிறர் கம்பியை முடியுமுன் பிடுங்குதல் ஒருகாலும் கூடாது. முடிந்துவிட்டதா என்பதில் ஐயமிருப்பின் காத்திருத்தலே தகும். கருவியற்ற பரிசிடம் ஒழிந்திருந்தால், தகுதியுடையவரே எனினும், கைக்குழந்தையோடு வருபவர்க்கும் முழங்கால் நோவுற்ற முதியவர்க்கும் அதனை விட்டுத் தூரத்தில் நிறுத்தலாம். அவர்க்கென்று பலகை இல்லாவிடினும் தேவை பலகையைப் பார்த்து வருவதன்று. பழவேற்காடு போன்ற ஊர்களுக்குச் செல்வோர் கரையின் வெற்று மணலைப் பொதுவிடம் என்று கருதி வண்டியை ஏற்ற வேண்டா. வலை உலர்த்துமிடமும் மீன் பிரிக்குமிடமும் அதுவே. கோடு போட்டிராது, ஆனால் அதற்கும் முறையுண்டு. கேட்டுவிட்டு நிறுத்துக. எங்கு நிறுத்துவது என்பதைக் குப்பத்தார் காட்டுவர்.

இப்போது நம் ஊர்களில் ஆலயத்தை அடுத்து மண்டபமும் தங்கும் விடுதியும் கட்டும் முயற்சிகள் பல நடைபெறுகின்றன. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழா போன்ற நாள்களில் வண்டிகள் நிற்கப் படும் பாட்டை அனைவரும் அறிவோம். புதிய கட்டடங்களுக்கு வரைபடம் போடும்போது 20 விழுக்காட்டு நெறிக்காக மின்னேற்றக் கம்பங்களையும் குறிப்பார்கள். குறிக்கட்டும். அவ்வரைபடத்தை நன்கொடையாளரிடம் மட்டும் காட்டாமல், மடைப்பள்ளியில் சமைப்பவர்களிடமும், பூமாலை கொண்டுவருபவரிடமும், காவலாளியிடமும் ஒருமுறை காட்டி, அவர்கள் வண்டி எங்கே நிற்பது என்று கேட்க வேண்டுகிறோம். அவர்கள் பெரும்பாலும் மிதிவண்டியிலும் பேருந்திலும் விடியற்காலையில் வருபவர்கள். வாயிலருகே கூரையிட்ட இடத்தை மிதிவண்டிகளுக்கு வைத்துவிட்டு, மின்னேற்றக் கம்பத்தை மதிலோரம் நட்டாலும் மின்சாரம் அங்கு வந்து சேரும்.